விளையாட்டில் ஒரு வீடு, தோட்டத்தில் ஒரு காம்பிரா

'ஸ்டார்டியூ வேலி' என்று ஒரு விளையாட்டு. 2016 பெப்ரவரியில் கணினிக்காக வெளிவந்து, பின்னர் கையடக்கத் தொலைபேசிக்கும் வந்து சேர்ந்தது. எரிக் பரோன் என்னும் அமெரிக்க இளைஞர் நிரல் எழுதுதல், படம் வரைதல், இசையமைத்தல் ஆகிய அனைத்தையும் தனியொருவராகவே செய்து, நான்காண்டுக்கு மேற்பட்ட உழைப்பில் இதனை உருவாக்கினார். 2024ஆம் ஆண்டு முடிவதற்குள் நான்கு கோடிக்கும் அதிகமான பிரதிகள் விற்பனையாகிவிட்டன. இப்பத்தியை ஒரு விளையாட்டிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. மலையக மக்களின் காணியுரிமை, வீட்டுரிமை பற்றி முப்பது ஆண்டுகளாக எழுதி வருகிறேன். அந்த உரிமை என்றால் என்ன என்பதை இவ்வளவு எளிமையாக விளக்கும் வேறொரு சாதனத்தை நான் கண்டதில்லை.

கதை இதுதான். நகரத்தில் பெரிய நிறுவனமொன்றின் அலுவலகத்தில் வேலை பார்த்துச் சலித்துப்போன ஒருவர், காலஞ்சென்ற தாத்தா கொடுத்துவிட்டுப் போன கடிதத்தைப் பிரிக்கிறார். கிராமத்திலுள்ள தமது பண்ணையைத் தாத்தா பேரப்பிள்ளைக்கு விட்டுச் சென்றிருக்கிறார். கடிதத்துடன் காணி உறுதியும் இருக்கிறது. பேரப்பிள்ளை அங்கு போய்ச் சேரும்போது காடுமண்டிய நிலமும் ஒரே அறைகொண்ட சிறு வீடும்தான் எதிர்கொள்கின்றன. அந்த அறையில் ஒரு கட்டில், ஒரு கணப்பு, ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. அதற்குமேல் எல்லாம் ஆட்டக்காரரின் பாடு.

ரத்தோட்டையில் எனது உறவுக்காரச் சிறுவன் ஒருவன் இதை விளையாடுவதை இரண்டு மாலைப்பொழுதுகள் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பயிர் விளைவித்து விற்றுக் காசு சேர்க்கிறான். மரம் வெட்டிச் சேர்க்கிறான். 10,000 பொற்காசும் 450 துண்டு மரமும் கையில் சேர்ந்தவுடன் ராபின் என்ற தச்சுவேலைக்காரப் பெண்ணிடம் போகிறான். மூன்று நாளில் வீடு பெரிதாகிறது. "மொதல்ல குசினிதான் வரும் தாத்தா. அப்புறந்தான் புள்ளைகளுக்கு ரூம்பு" என்று எனக்கு விளக்கம் வேறு. அவன் சொன்னது சரி. முதல் விரிவாக்கத்தில் சமையலறையும் பெரிய படுக்கையறையும், இரண்டாவதில் பிள்ளைகளுக்கான அறை, மூன்றாவதில் நிலவறை என்று வீடு படிப்படியாக வளர்கிறது. இடையில் சுவருக்குத் தாள் ஒட்டலாம், தரையை மாற்றலாம், தளபாடங்களை இடம்மாற்றி வைக்கலாம்.

இந்த வகை விளையாட்டுகளுக்கு மூத்தது 'த சிம்ஸ்'. அது 2000 பெப்ரவரியில் வெளிவந்தது. அதனை உருவாக்கிய வில் ரைட்டின் வீடு 1991 ஒக்டோபரில் கலிபோர்னியாவின் ஓக்லண்ட் குன்றுகளில் பரவிய பெருந்தீயில் எரிந்துபோயிற்று. ஒரு வீட்டைப் புதிதாக அமைக்க என்னென்ன தேவை, எது முதலில், எது பின்னால் என்று அவர் அப்போது எண்ணிப் பார்த்ததிலிருந்தே அந்த விளையாட்டுக்கான கரு வளர்ந்தது. முதலில் அவர் உருவாக்க நினைத்தது வீடு கட்டும் விளையாட்டைத்தான். கட்டிய வீடு நல்லதா கெட்டதா என்று மதிப்பிடுவதற்காகவே அதற்குள் மனிதர்களை விட்டார். அந்த மனிதர்களுக்கு எட்டுத் தேவைகள் உண்டு. பசி, சுகம், சுத்தம், மலசலம், ஓய்வு, பொழுதுபோக்கு, உறவு ஆகிய ஏழோடு எட்டாவதாக வருவது, அவர்கள் இருக்கும் அறை. இருண்ட, நெருக்கடியான, அழுக்கான அறையில் விடப்பட்ட மனிதரின் மனநிலை அளவுகோலில் இறங்குகிறது. அவர் எவ்வளவு உழைத்தாலும், எவ்வளவு சாப்பிட்டாலும் அந்தக் குறை ஈடுசெய்யப்படுவதில்லை.

பிள்ளைகள் தொலைபேசியில் காலத்தைக் கொல்கிறார்கள் என்ற பெரியவர்களின் கவலையை நான் ஏளனம் செய்யவில்லை. ஆனால் இவ்விளையாட்டுகளில் பிள்ளைகள் எதை நுகர்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். இன்று உழைத்தது நாளை ஒரு சுவராக நிற்கிறது. அதை எவரும் வந்து இடிப்பதில்லை. அடுத்த முறை திறந்து பார்க்கும்போது வைத்தது வைத்த இடத்தில் இருக்கிறது. உழைப்புக்கும் வீட்டுக்கும் இடையே இப்படியொரு நேர்க்கோடு போடப்பட்டிருப்பதே இந்த விளையாட்டின் இன்பம். அந்தக் கோட்டைத் தாங்கி நிற்பது முதற்காட்சியில் கடிதத்தோடு வந்த உறுதி. அதை எந்த ஆட்டக்காரரும் இரண்டாம் முறை நினைத்துப் பார்ப்பதில்லை. நிலம் தன்னுடையது என்பது விளையாட்டின் தரை. தரையை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை அல்லவா?

அந்தத் தரை இல்லாமல் ஒரு சமூகம் இருநூறு ஆண்டுகளாக இந்த ஆட்டத்தை ஆடிக்கொண்டிருக்கிறது. எல்கடுவ, ரத்தோட்டை, உக்குவளை என்று மாத்தளை மாவட்டத்தின் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் அதனைக் காணலாம்.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களில் பலர் லயத்தைப் படத்தில் மட்டுமே பார்த்திருப்பர். ஆதலால் சற்று விரித்துச் சொல்கிறேன். ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த அறைகள். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயங்களும் உண்டு. அவற்றில் பின்பக்கம் கதவுக்கோ சன்னலுக்கோ இடமில்லை. ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது பரவலான அளவு. அதாவது 120 சதுர அடி. அதற்கு முன்னால் ஒரு சிறு இஸ்தோப்பு. அடுப்பும் படுக்கையும் பிள்ளையின் பாடப்புத்தகமும் சாமிப் படமும் இதற்குள்தான். லயம் என்பது ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. காம்பிராவும் குசினியும் போர்த்துக்கேயச் சொற்கள். இஸ்தோப்பு ஒல்லாந்தருடையது. தாம் வாழும் வீட்டின் உறுப்புகளுக்கு வந்துபோன எசமானர்களின் மொழிகளில் மட்டுமே பெயர் வைத்திருக்கும் மக்கள் உலகில் வேறு எங்கேனும் இருக்கிறார்களா என்று தெரியவில்லை.

இந்த ஒற்றை அறையையும் நம்மவர்கள் சும்மா விட்டுவைக்கவில்லை. மகன் கலியாணம் செய்தால் இஸ்தோப்பைப் பலகையால் அடைத்து ஓர் அறையாக்குவார்கள். புகை தாங்காமல் கோடிப்புறத்தில் தகரம் சாய்த்துக் குசினி போடுவார்கள். ரத்தோட்டைச் சிறுவனின் விளையாட்டு சொல்லும் அதே வரிசைதான்: முதலில் குசினி, பிறகு பிள்ளைகளுக்கு இடம். கட்டிடக்கலை தெரிந்த எவரும் கற்பித்ததல்ல. மனிதர் கூடிவாழும் எந்த இடத்திலும் வீடு வளரும் முறை அது.

வேறுபாடு எங்கே வருகிறது? விளையாட்டில் காசும் மரமும் இருந்தால் போதும். தோட்டத்தில் காசும் மரமும் இருந்தாலும் துரையின் அனுமதி வேண்டும். ஒரு சன்னலைப் பெரிதாக்குவதற்கும், ஒரு சுவரை இரண்டடி தள்ளுவதற்கும், சில இடங்களில் கூரைத் தகரம் மாற்றுவதற்கும்கூட நிர்வாகத்திடம் கேட்டாக வேண்டும். வீட்டு முகாமைத்துவம் என்று கலைத்திட்டத்தில் ஒரு பாடம் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளும் அதைப் படிக்கிறார்கள். ஆனால் அவர்கள் அறிந்த முகாமைத்துவம் வீட்டுக்கு வெளியே, மேட்டில் உள்ள பங்களாவில் இருக்கிறது. தம் வீட்டைத் தாமே முகாமை செய்வது என்ற கருத்து அவர்களுக்கு முதன்முதலாகத் தொலைபேசித் திரையில்தான் அறிமுகமாகிறது என்றால் அது மிகையன்று.

இதனால் விளைந்த ஒரு காட்சியை மாத்தளைத் தோட்டங்களில் பலமுறை பார்த்திருக்கிறேன். மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்து ஒரு தாய் அனுப்பிய பணம், காம்பிராவின் தரையில் மாபிள் ஓடாகப் பதிந்திருக்கும். சுவரில் பெரிய தொலைக்காட்சி தொங்கும். வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால், கூரை அதே துருப்பிடித்த தகரம். தெரியாதவர்கள் இதைப் பார்த்து, 'இவர்களுக்கு எது முதலில் என்றே தெரியவில்லை' என்பார்கள். நன்றாகத் தெரியும். உள்ளே செய்ததை எவரும் கேட்பதில்லை. வெளியே செய்ததை இடித்துவிடலாம். தனக்குச் சொந்தமில்லாத கூரையின்மேல் ஆயுட்காலச் சேமிப்பைப் போடுகிறவர் யார்?

இடித்துவிடலாம் என்று நான் எழுதியது வெறும் ஊகமல்ல. 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தை நினைவுபடுத்த விரும்புகிறேன். மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைவதை முன்னிட்டு, அந்த ஆண்டு ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் ஒரு நடைபவனி தொடங்கியது. மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா வழியாக முன்னோர் காடுகளில் நடந்து வந்த அதே திசையில் மக்கள் நடந்தார்கள். அன்று நடந்தவர்களில் எத்தனையோ பேர் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டார்கள். எஞ்சியவர்கள் மலைநாட்டின் வாசலாகக் கண்ட பட்டினம் மாத்தளை. ஆகஸ்ட் 12ஆம் திகதி நடைபவனி மாத்தளையில் நிறைவு பெற்றது. அன்று முன்வைக்கப்பட்ட கோரிக்கைகளுள் காணியுரிமையும் ஒன்று.

அதே மாதத்தில், நடந்தவர்களின் கால் கொப்புளம் ஆறுவதற்குள், இதே மாத்தளை மாவட்டத்தில் எல்கடுவ பெருந்தோட்டத்துக்குரிய ரத்வத்தை தோட்டத்தில் தொழிலாளர் குடும்பத்தின் தற்காலிகக் குடியிருப்பு, தோட்ட உதவி முகாமையாளர் முன்னின்று உடைக்கப்பட்டது. அந்தக் காணொளி நாடெங்கும் பரவியது. அமைச்சராக இருந்த ஜீவன் தொண்டமான் நேரில் சென்றார். பாராளுமன்றத்திலும் விடயம் பேசப்பட்டது. கண்டனங்கள் எல்லாக் கட்சிகளிலிருந்தும் வந்தன. அந்த உத்தியோகத்தரின் குணத்தைப் பற்றித்தான் பலரும் அப்போது எழுதினார்கள். என் கேள்வி வேறு. பக்கத்துக் கிராமத்தில், உறுதியுள்ள ஒருவரின் வளவுக்குள் புகுந்து அவரது குசினியை உடைக்க எந்த உத்தியோகத்தருக்காவது துணிவு வருமா? வராது. அங்கே இருப்பவர்கள் மிக நல்லவர்கள் என்பதனாலல்ல. அங்கே ஒரு கடதாசி இருக்கிறது. நல்ல துரை, கெட்ட துரை என்று தேடிக்கொண்டிருப்பது நூறாண்டு காலப் பழக்கம். நல்ல துரையின் அனுமதியும் அனுமதிதான். அது உரிமையாகிவிடாது.

அந்தக் கடதாசியின் பெறுமதியை நீதிமன்றத்தில் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் (உடைமையை மீளப்பெறல்) சட்டத்தின்கீழ் ஒருவரை வெளியேற்றும்படி கோரும்போது, அவர் காட்டக்கூடியது ஒன்றே ஒன்று: செல்லுபடியான அனுமதிப்பத்திரம் அல்லது எழுத்துமூல அதிகாரம். மூன்று தலைமுறையாக இங்கேதான் இருக்கிறோம், எங்கள் தாத்தாவை இந்த மலையில்தான் புதைத்தோம் என்று சொல்வதற்கு அங்கே இடமில்லை. கொழும்புக் குடிசைவாசிக்கும் வயல்நில ஆக்கிரமிப்பாளருக்கும் எதிராக மட்டுமல்ல, தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு எதிராகவும் இச்சட்டம் பயன்படுத்தப்பட்டிருக்கிறது.

இந்நிலை தானாக உருவானதல்ல. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், ஆடு மாடுகளைப் பங்கிடுவதைப்போல் இவர்களைப் பங்கிட்டது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. அந்த நிலத்தை உருவாக்கியவர்கள் அதைப் பெறுவோர் வரிசையில் இல்லை. 1992இல் தோட்டங்களின் முகாமைத்துவம் கம்பனிகளிடம் நீண்டகாலக் குத்தகைக்குப் போனபோது, லயங்களும் அவற்றுக்குள் இருந்தவர்களும் குத்தகையோடு சேர்ந்து போனார்கள். நாடற்றோர் பிரச்சினை சட்டப்படி முடிவுக்கு வந்தது 2003இல்தான். பிரதேச சபைகளுக்குத் தோட்டங்களுக்குள் பணியாற்ற இருந்த சட்டத் தடை 2018இல்தான் நீங்கியது. அதுவரை ஒரு மலசலகூடத்துக்கும் ஒரு ஒழுங்கைக்கும்கூட உள்ளூராட்சி மன்றம் தோட்ட எல்லையில் நின்றுவிடும்.

இதே மாவட்டத்தில் இன்னொரு கதையும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1976இல் பொல்கொல்லையில் திசைதிருப்பப்பட்ட மகாவலி நீர், எட்டுக் கிலோமீற்றர் சுரங்கத்தின் வழியாக உக்குவளை மின்நிலையத்துக்கு வந்து, சுது கங்கையில் இறங்கி, போவத்தென்னை ஊடாக வடமத்திக்குப் போகிறது. அந்த நீர் போய்ச் சேர்ந்த குடியேற்றங்களில் ஒவ்வொரு விவசாயக் குடும்பத்துக்கும் இரண்டரை ஏக்கர் வயலோடு வீடமைக்க அரை ஏக்கர் மேட்டுக்காணியும் வழங்கப்பட்டது. அரை ஏக்கர் என்றால் 80 பேர்ச். அந்தக் குடும்பங்கள் அதற்கு முழுத் தகுதியுடையவை. ஏழை விவசாயிக்குக் கிடைத்ததைப் பார்த்து ஏழைத் தொழிலாளி பொறாமைப்பட வேண்டியதில்லை. நான் சொல்ல வருவது, காணியற்றவருக்குக் காணியளிக்க இந்த அரசுக்கு வழி தெரியும், சட்டம் தெரியும், நில அளவையாளர்களும் இருக்கிறார்கள் என்பதைத்தான். உக்குவளையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இருப்பவர்கள் அந்த நீர் போவதைப் பார்த்தார்கள். அவ்வளவே.

தோட்ட மக்களுக்கு இறுதியில் பேசப்பட்ட அளவு ஏழு பேர்ச். 2015இல் மலைநாட்டுப் புதிய கிராமங்கள் அமைச்சு உருவானபோது இந்த ஏழு பேர்ச் கொள்கையாக்கப்பட்டது. இந்திய வீடமைப்புத் திட்டத்தின் 50,000 வீடுகளில் மலையகத்துக்கு ஒதுக்கப்பட்டவை 4,000. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். இவற்றால் தனி வீடு கண்ட குடும்பங்கள் பல. அதை மறைப்பது நேர்மையாகாது. லயத்திலிருந்து 550 சதுர அடித் தனி வீட்டுக்குப் போன ஒரு தாய், தன் பெண்பிள்ளைக்கு உடைமாற்ற ஒரு கதவு கிடைத்ததைப் பற்றிச் சொன்னபோது கண்கலங்கியதை நேரில் கண்டிருக்கிறேன்.

எனினும் தேவையோ மிகப் பெரியது. ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் வேண்டும் என்பது அரசின் 2016 - 2020 செயற்றிட்டத்திலேயே கண்ட கணக்கு. அதைவிட முக்கியமானது இன்னொன்று. வீட்டின் திறப்பு ஒரு விழாவில் கொடுக்கப்படுகிறது. உறுதியோ அடுத்த விழாவுக்கு ஒத்திவைக்கப்படுகிறது. முன்னைய சுயஉதவி வீடமைப்புகளில் சம்பளத்திலிருந்து கடன்தவணை கழிக்கப்பட்டு, கடனை முழுதாகக் கட்டி முடித்தும் உறுதியைக் கண்ணால் காணாத குடும்பங்கள் பல உண்டு. 'த சிம்ஸ்' விளையாட்டில் ஓர் இரகசியச் சொல்லைத் தட்டினால் கணக்கில் ஆயிரம் காசு ஏறும். எங்கள் மலைகளில் அந்த இரகசியச் சொல் 'தேர்தல்'. தட்டும்போதெல்லாம் தகரமும் சீமெந்தும் இறங்கும். உறுதி மட்டும் இறங்காது.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். தோட்ட நிலத்தைத் துண்டுதுண்டாகப் பிரித்தால் தேயிலைத் தொழில் அழிந்துவிடும் என்பது முதலாவது. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒன்றரை இலட்சம் குடும்பங்களுக்கு ஏழல்ல, பத்துப் பேர்ச் வீதம் கொடுப்பதாக வைத்துக்கொண்டாலும் 15 இலட்சம் பேர்ச். 160 பேர்ச் ஓர் ஏக்கர். ஆகவே 9,375 ஏக்கர், ஏறத்தாழ 3,800 ஹெக்டேயர். நாட்டின் தேயிலை நிலம் மட்டும் சுமார் இரண்டு இலட்சம் ஹெக்டேயர். நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. இருபது பேர்ச் கேட்பவர்களின் கோரிக்கையை ஏற்றாலும் நூற்றுக்கு நான்கைத் தாண்டாது. மேலும், லயங்கள் இன்று நிற்கும் நிலமும் இதற்குள் அடக்கம். அதில் எப்படியும் தேயிலை இல்லை. இந்நாட்டுத் தேயிலையில் பெரும்பங்கை, நூற்றுக்கு எழுபதுக்கும் மேல், தருபவர்கள் தத்தம் சிறு நிலங்களுக்கு உரிமையாளரான சிறுதோட்டக்காரர்கள் என்பதும் கவனத்துக்குரியது. துண்டு நிலம் தொழிலை அழிக்கவில்லை. தாங்கிக்கொண்டிருக்கிறது.

உறுதி கொடுத்தால் விற்றுவிட்டுப் போய்விடுவார்கள் என்பது இரண்டாவது. தோட்டத்தை விட்டுப் போக விரும்புகிறவர் உறுதி இல்லாமலே போய்க்கொண்டிருக்கிறார். கொழும்புக் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் மலையக இளைஞர் எவரும் காணி விற்றுப் போனவரல்லர். போவதற்குக் காரணமே இங்கு பற்றிக்கொள்ள ஒன்றும் இல்லாமைதான். ஒருவேளை விற்றாலும், விற்கும் உரிமை கொழும்பு ஏழில் காணி வைத்திருப்பவருக்கு இருக்கலாம், எல்கடுவவில் இருப்பவருக்குக் கூடாது என்று சொல்வதற்கு என்ன நியாயம்?

வேலைக்காக வந்தவர்களுக்கு வேலையோடு வந்த குடியிருப்பு, வேலை முடிந்தால் குடியிருப்பும் முடியும் என்பது மூன்றாவது. இது நமது நாட்டுக்கு மட்டும் உரிய வாதமன்று. திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலையைப் பாருங்கள். சிங்கம்பட்டி சமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகையில் பெற்ற காட்டைத் தோட்டமாக்கிய கம்பனி, குத்தகை முடியும் காலம் நெருங்கியதும் 2024இல் தொழிலாளரை விருப்ப ஓய்வில் போகச் சொல்லி வீடுகளைக் காலிசெய்யக் கோரியது. நான்கைந்து தலைமுறையாக அந்த மலையைத் தவிர வேறொன்றும் அறியாதவர்கள் அவர்கள். நீலகிரியிலோ, 1964 ஒப்பந்தத்தின்கீழ் நம்மிடமிருந்து பிரிந்து போனவர்களுக்காக வளர்க்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டங்களில், ஓய்வுபெற்றதும் வீட்டை ஒப்படைக்க வேண்டும் என்ற அதே அச்சத்தோடு அதே மக்களின் பிள்ளைகள் வாழ்கிறார்கள். கடலின் இருபக்கத்திலும் ஒரே லயம். வேலைக்கு ஆயுள் அறுபது வருடம், வீட்டுக்கு ஆயுள் தலைமுறைகள். இரண்டையும் ஒரே ஏட்டில் பதிந்ததுதான் தொடக்கத்திலேயே நேர்ந்த அநீதி.

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் இந்தக் கேள்விக்கு ஓர் அவசரத்தையும் கொடுத்திருக்கிறது. மலைகள் சரிந்தன. அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. வீட்டை இழந்தவருக்கு இழப்பீடு, காணியை இழந்தவருக்கு மாற்றுக் காணி என்று அறிவிப்புகள் வரும்போது, லயத்தில் இருந்தவர் இழந்தது எவருடைய வீடு? எவருடைய காணி? அழிவு எல்லோருக்கும் பொதுவாக வருகிறது. மீண்டெழுவது மட்டும் கடதாசி உள்ளவருக்கு எளிதாகிவிடுகிறது. தீயில் வீட்டை இழந்த வில் ரைட் அதே அனுபவத்தை ஒரு விளையாட்டாக்க முடிந்ததென்றால், எரிந்தது அவருடைய வீடு என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

ஆகவே எனது நிலைப்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் உறுதி, பிறகு வீடு. நிலச்சரிவு அபாயமில்லாத இடத்தை அடையாளம் கண்டு, அளந்து, எல்லைக்கல் நாட்டி, தமிழிலும் எழுதப்பட்ட உறுதியைக் காணிப் பதிவகத்தில் பதிந்து கொடுக்க வேண்டும். கணவன் பெயரில் மட்டுமல்ல, கொழுந்துக்கூடையைச் சுமந்து அந்தக் குடும்பத்தைத் தாங்கும் பெண்ணின் பெயரும் அதில் இருக்க வேண்டும். தோட்டப் பதிவில் பெயர் உள்ளவருக்கு மட்டும் என்ற நிபந்தனை கூடாது. ஓய்வுபெற்றவரும், வெளியில் வேலை செய்கிறவரும், பதிவே இல்லாதவரும் அதே மலையின் பிள்ளைகள்தான்.

வீட்டை யார் கட்டுவது என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. வறியவர்க்கு அரசு உதவத்தான் வேண்டும். அந்தக் கடமையிலிருந்து எவரையும் விடுவிக்க நான் தயாரில்லை. ஆனால் உறுதி கையில் வந்த மறுநாள் என்ன நடக்கும் என்பதை நான் அறிவேன். கொழும்பில் கடைச்சாப்பாட்டில் மிச்சம்பிடிக்கும் மகனின் பணமும், குவைத்திலிருந்து வரும் தாயின் பணமும், இதுவரை போவதற்கு வழியின்றிக் காம்பிராவின் உட்சுவரில் முட்டிக்கொண்டு நின்ற உழைப்பும் கல்லாகவும் கூரையாகவும் மாறும். வங்கியில் ஈடு வைக்க ஒரு பத்திரம் இருக்கும். குசினிக்குப் புகைக்கூடு வரும். இஸ்தோப்புக்குத் தமிழில் திண்ணை என்ற பெயர்கூட வந்துவிடலாம்.

இந்த வலைப்பூவை ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சென்னையிலும் இருந்து வாசிக்கும் அன்பர்களில் சிலர், பிறந்த தோட்டத்துக்கு உதவ விரும்புவதாக அவ்வப்போது எழுதுகிறார்கள். கூரைத் தகரம் அனுப்பலாமா, தண்ணீர்த் தாங்கி கட்டிக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். அனுப்புங்கள், நல்லது. அதோடு ஒன்றும் செய்யுங்கள். உங்கள் தோட்டத்துப் பிரதிநிதியிடமும், தொழிற்சங்கத்திடமும், விழாவுக்கு வந்து திறப்பு வழங்கும் அரசியல்வாதியிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இந்த வீட்டின் உறுதி எங்கே, அதன் பதிவு இலக்கம் என்ன? அந்தக் கேள்விக்கு ஓர் இலக்கம் பதிலாக வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.